தமிழ் ஆள் இல்லாத அருவி

பத்மாவதிக்கு எலுமிச்சம்பழத்தின் மேலேயே சந்தேகம் வரும். நியூசிலாந்தில், ஓக்லாந்தின் மவுண்ட் வெல்லிங்டனில் அவளுக்குப் பக்கத்து வீட்டில் இருந்த வெள்ளைக்காரக் கிழவி ஒருநாள் தன் மரத்தில் காய்த்த எலுமிச்சைகளை ஒரு பையில் போட்டு இவர்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனாள். கேட்காமல் கொடுத்தது, அதுவும் பை நிறைய. பத்மாவதி இரண்டு நாள் அந்தப் பையைத் தொடவில்லை. அடுத்த கிழமை கிழவி வந்து, தான் ஊருக்குப் போகும்போது பூனைக்குச் சாப்பாடு வைக்க முடியுமா என்று கேட்டாள். அப்போதுதான் பத்மாவதிக்கு மூச்சு வந்தது.

"பாத்தீங்களே, சோழியன் குடுமி சும்மா ஆடாது" என்று கணவர் இரத்தினசிங்கத்திடம் வெற்றியோடு சொன்னாள். பூனையை என்னவோ பிள்ளையைப் போலத்தான் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. விரி என்ற இடத்தில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் தொழிற்சாலை ஒன்றில், வெளுத்து வந்த விரிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துக் கறை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாத கறை இவளுக்குத் தெரியும். சில நேரம் இல்லாத கறையும் தெரியும். "உலகத்தில சந்தேகத்துக்குச் சம்பளம் குடுக்கிற இடம் அது ஒண்டுதான். உமக்கெண்டே கட்டி வச்சிருக்கிறாங்கள்" என்பார் இரத்தினசிங்கம். அவர் சாதுவான மனிதர். வீட்டில் ஒருத்தர் சந்தேகப்பட்டால் போதும் என்று அந்த வேலையை மனைவிக்கே விட்டிருந்தார்.

ஆனால் இது அவள் பிறந்த குணம் இல்லை. யாழ்ப்பாணத்தில் அவள் ஊரில் ஒருநாள் சுற்றிவளைப்பு நடந்தது. எல்லாரையும் கோயில் வீதியில் வெயிலில் இருத்திவிட்டு, தலையில் சாக்குப் போட்ட ஒருத்தனை ஆமிக்காரர்கள் கொண்டுவந்தார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ அவனைத் தனியே எடுத்தார்கள். பத்மாவதியின் தம்பி முன்னால் அந்தத் தலை ஆடியது. தம்பி பல மாதம் கழித்து உருக்குலைந்து திரும்பி வந்தான். ஆனால் தலையாட்டி யார் என்று கடைசிவரை தெரியவில்லை. கிணற்றடிக்கு வரும் அயலவனாக இருக்கலாம், கடைக்காரனாக இருக்கலாம், சொந்தக்காரனாகவும் இருக்கலாம். முகம் தெரியாமல் போனபடியால் அவள் எல்லா முகத்தையும் சந்தேகிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழக்கத்தோடுதான் எண்பத்தெட்டில் ஓக்லாந்துக்கு வந்து சேர்ந்தாள்.

இப்படிப்பட்டவளின் ஒரே மகள் கஜந்தினிக்குக் கலியாணம் பேசி வந்தது தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கடைசியில். மாப்பிள்ளை யசீகரன் சாண்ட்ரிங்கத்தில் தாயோடு இருக்கும் எஞ்சினியர். குடிப்பதில்லை, கோயிலுக்கு வருவான், பெரியவர்களைக் கண்டால் எழுந்து நிற்பான். சாதகம் சிட்னிக்குப் போய், அங்கிருந்த ஐயர் நல்ல பொருத்தம் என்று ஃபாக்ஸ் அனுப்பினார். தாய் புஷ்பவதி அதிகம் கதைக்காத மனுஷி. நெற்றியில் ஒரு சதக் காசு அளவில் குங்குமப் பொட்டு, கையில் எப்போதும் ஒரு குங்குமச் சிமிழ். கணவர் கதிர்காமநாதன் கனடாவில் இருக்கிறார், அங்கே அவருடைய அகதி வழக்கு முடியவில்லை, முடிந்ததும் வருவார் என்று சொன்னாள்.

குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் பத்மாவதியை உறுத்தியது.

ஆனால் அவளுடைய உண்மையான பயம் மாப்பிள்ளை வீட்டில் இல்லை, தன் வீட்டில்தான் இருந்தது. கஜந்தினியின் இடது முழங்காலுக்குப் பின்னால் தொடங்கிக் கெண்டைக்கால்வரை ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெளுத்திருந்தது. பத்தொன்பது வயதில் வந்தது. நோவு இல்லை, தொற்றாது, ஒன்றும் செய்யாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். டொக்டருக்கு என்ன, அவரா மாப்பிள்ளை பார்க்கப் போகிறார்? சனம் அதற்கு வைக்கும் பெயர் வேறு. அந்தப் பெயர் வெளியே போனால் எந்த வீட்டிலிருந்தும் ஆள் வராது. அன்றிலிருந்து மகளுக்கு நீளப் பாவாடையும் தடித்த காலுறையும்தான். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்றால், ஓர் உண்மையை மறைத்துச் செய்தால் என்ன குற்றம் என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டாள். கஜந்தினி ஒட்டாஹுஹுவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். "அம்மா, இதை மறைக்க ஒண்டும் இல்லை" என்று அவள் சொல்லும்போதெல்லாம் பத்மாவதி ஜன்னலைச் சாத்துவாள்.

இந்த நிலையில்தான் ஜனவரியில் புஷ்பவதி டெலிபோன் எடுத்தாள். இரண்டு குடும்பமுமாக உரவேரா தேசியப் பூங்காவுக்குப் போய்வரலாமாம். மலைப் பிளவுகளும் அருவிகளும் இருக்கிறதாம். அருவிக்குக் கீழே நீந்துவதற்கு நல்ல தடாகங்களும் இருக்கிறதாம்.

பத்மாவதி ரிசீவரை வைத்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டாள்.

"பொம்பிளை பாக்கிறவை கோயிலுக்குக் கூப்பிடுவினம். காட்டுக்கு ஆர் கூப்பிடுவினம்? அதுவும் நீந்திறதுக்கு! அந்த மனுஷிக்கு ஆரோ சொல்லிப்போட்டினம். பிள்ளையின்ர காலைப் பாக்கத்தான் கூப்பிடுகினம்."

"வெக்கை காலம், தண்ணியில விளையாடக் கூப்பிடுகினம். உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றார் இரத்தினசிங்கம்.

"ஆறு மணித்தியாலம் ஓடி, ஒரு குருவியும் இல்லாத இடத்தில போய் ஏன் விளையாட வேணும்? இஞ்ச கடல் இல்லையே?"

மறுத்தாலும் சந்தேகம் வரும், போனாலும் கால் தெரியும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. பத்மாவதி ஒரு முடிவுக்கு வந்தாள். அவர்கள் இங்கே கறை தேடினால், நான் அங்கே தேடுகிறேன். கனடாவில், ஸ்கார்பரோவில் இருந்த ஒன்றுவிட்ட தங்கை பூங்கோதைக்கு அன்றைக்கே டெலிபோன் எடுத்தாள்.

பூங்கோதை கதிர்காமநாதனின் ஊர்ச் சங்கத்தில் கேட்டாள், கோயிலில் கேட்டாள், அந்த ஊர் ஆட்கள் வேலை செய்யும் ஃபாக்டரியில்கூடக் கேட்டாள். "அக்கா, அப்பிடியொரு கதிர்காமநாதன் இஞ்ச இல்லை. டொரொன்டோவிலயும் இல்லை, மொன்ரியாலிலயும் இல்லை. அந்த ஊர்ச் சனம் ஆளைத் தெரியும் எண்டினம், ஆனால் கனடாவில ஒருத்தரும் கண்டதில்லை" என்றாள்.

ஆக, ஆள் மனைவியை விட்டுவிட்டு வேறு ஒருத்தியோடு எங்கேயோ இருக்கிறார். பத்மாவதி அப்படித்தான் கணக்குப் போட்டாள். கணவரிடமும் சொல்லவில்லை. புஷ்பவதி காலைப் பற்றி வாயெடுத்தால் கனடாவை எடுத்து வீசுவது என்று முடிவு செய்து, அந்தச் சேதியை மடியில் முடிந்துகொண்டு பயணத்துக்குத் தயாரானாள். கூடவே குளித்துத் துடைக்கும் பெரிய பச்சைத் துவாய் ஒன்றும் எடுத்து வைத்தாள். கால் வெளியே தெரிந்தால் அந்த நிமிடமே மூடுவதற்கு.

விடியுமுன்பே யசீகரன் வான் வண்டியோடு வந்தான். இடியப்பம், சம்பல், முட்டைப் பொரியல், பிளாஸ்க்கில் தேத்தண்ணீர் எல்லாம் ஏறின. பத்மாவதி புஷ்பவதிக்கு நேர் பின்னால் இருந்துகொண்டாள், அங்கிருந்தால் பார்வைக்குத் தப்ப முடியாது. ரொட்டொருவா தாண்டி, முருப்பரா தாண்டியதும் தார் ரோட்டு முடிந்து சல்லிப் பாதை தொடங்கியது. வீடு இல்லை, கடை இல்லை. ரேடியோவும் இரைந்து இரைந்து நின்றுபோயிற்று. இரண்டு பக்கமும் இருட்டுப் பச்சையாய்க் காடு மலையேறிப் போனது. கழுத்தை நெரித்துப் போட்டாலும் கேட்க ஆள் இல்லாத இடம் என்று அவள் நினைத்தாள்.

வழியில் இரண்டு மூன்று தரம் புஷ்பவதி திரும்பி, "பத்மா, உங்களோட ஒரு கதை..." என்று தொடங்கினாள். ஒவ்வொரு தரமும் பத்மாவதி குறுக்கே விழுந்தாள். ஒருதரம் தேத்தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இன்னொருதரம் தலை சுற்றுகிறது என்று கண்ணை மூடினாள். புஷ்பவதி முன்னால் திரும்பிச் சிமிழை உருட்டினாள்.

பூங்கா அலுவலகத்தில் இருந்த பெண் சிரித்துக்கொண்டு, காட்டுக்குள் நடக்கப் போகிறவர்கள் பெயரை எழுதிவிட்டுப் போங்கள், வழி தவறினால் தேட வசதியாக இருக்கும் என்றாள். பத்மாவதி தன் தாயின் பெயரை எழுதினாள். சீருடை போட்டவர்களுக்கு உண்மைப் பெயர் கொடுத்து அவளுக்குப் பழக்கமில்லை. தேடி வந்தால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், செத்துப்போன மாமி எழும்பிவந்து ஓம் என்பாவோ என்று இரத்தினசிங்கம் முணுமுணுத்தார்.

காட்டுப்பாதை ஒரு தொங்குபாலத்தைக் கடந்து மலைப் பிளவுக்குள் இறங்கியது. யாழ்ப்பாணத்து மனுஷிக்கு இதெல்லாம் புதிது. அங்கே மலை என்றால் கீரிமலைதான். அதில் மலையும் இல்லை. கேணியில் இறங்கினால் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். இங்கேயோ இரண்டு பக்கமும் பாறை செங்குத்தாக எழும்பி நிற்க, நடுவே தண்ணீர் ஓரிடத்தில் நில்லாமல் இரைந்து ஓடியது. மரமளவு உயர்ந்த பன்னச் செடிகள் விசிறி இலைகளால் தலைக்கு மேல் குடை பிடித்தன. கடைசியில் அருவி தெரிந்தது. உயரத்திலிருந்து வெள்ளையாய் விழுந்து, கீழே கரும்பச்சையாய் ஒரு தடாகத்தை நிரப்பி, பாறைப்படி வழியாக இன்னொரு தடாகத்துக்கு வழிந்தது. அழகுதான். பத்மாவதிக்கு அதைப் பார்க்க நேரமில்லை, அவள் மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பிடும்போதே அறிவித்துவிட்டாள். "கஜந்தி இறங்கமாட்டாள். அவளுக்குக் குளிர்ந்த தண்ணி ஒத்துக்கொள்ளாது."

கஜந்தினி தாயை நிமிர்ந்து பார்த்தாள். கையைக் கழுவிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பன்னங்களுக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது முழங்காலுக்கு மேலே நிற்கும் அரைக்காற்சட்டையும் ரீ-சேர்ட்டும் போட்டிருந்தாள். பத்மாவதி துவாயை இழுத்துக்கொண்டு எழும்புவதற்குள் அவள் எல்லார் முன்னாலும் நேராக நடந்து, அந்த வெள்ளைத் தோலில் வெயில் பட, தடாகத்துக்குள் குதித்துவிட்டாள். யசீகரன் பின்னால் குதித்தான். இரண்டுபேரும் நீந்திக் கீழ்த் தடாகத்துக்கு இறங்கிப் போனார்கள். காவலுக்குப் போவதாகச் சொல்லி இரத்தினசிங்கமும் காற்சட்டையை மடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.

பாறையில் இரண்டு தாய்மார் மட்டும் மிஞ்சினார்கள். பத்மாவதியின் மடியில் துவாய் கிடந்தது. புஷ்பவதி பார்த்துவிட்டாள். முழுப் பூசணிக்காயும் இப்போது சோற்றுக்கு வெளியே. எத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்தது!

புஷ்பவதி அருகே நகர்ந்து வந்தாள். "பத்மா, இப்பவாவது எழும்பாமல் இருங்கோ. உங்களோட ஒரு விசயம் கதைக்க வேணும். அதுக்குத்தான் உங்களை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு வந்தனான்."

பத்மாவதி மடியில் முடிந்ததை அவிழ்த்தாள். அருவி இரைச்சலுக்கு மேலாகக் கேட்க வேண்டும் என்று கத்தியே சொன்னாள்.

"கதைக்கிறதெண்டால் எல்லாத்தையும் கதைப்பம் அக்கா! உங்கட அவர் கனடாவில எந்த இடம்? நான் விசாரிச்சுப் போட்டன். அப்பிடியொரு ஆள் கனடாவிலயே இல்லை! என்ர பிள்ளையின்ர காலைப் பற்றிக் கதைக்க முதல் உங்கட வீட்டுக் கதையைச் சொல்லுங்கோ!"

புஷ்பவதியின் முகம் மாறியது. கோபம் வரும் என்று பத்மாவதி காத்திருந்தாள். சண்டைக்கு மறுவசனம்கூட ஆயத்தமாக வைத்திருந்தாள். ஆனால் அந்த மனுஷி தலையைக் குனிந்தாள்.

"ஓம். கனடாவில இல்லை."

பிறகு மெதுவாகச் சொன்னாள். பத்மாவதி குனிந்து காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"தொண்ணூறாம் ஆண்டு கொழும்புக்குப் போனவர். வழியில ஆமிக்காரங்கள் பஸ்ஸால இறக்கினவங்கள். அங்க சாக்குப் போட்ட ஒருத்தன் நிண்டவனாம். இவரைப் பாத்துத் தலையாட்டினவனாம். பஸ்ஸில வந்த ஆக்கள் வந்து சொன்னவை. அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. நான் போகாத காம்ப் இல்லை. எல்லாரும் ஆள் முடிஞ்சுது எண்டினம். பொட்டை அழி, அந்திரட்டிக் கிரியையைச் செய் எண்டு என்ர கூடப்பிறந்ததுகளே நிண்டுதுகள். செத்ததை ஆர் கண்டது பத்மா? ஒருத்தரும் காணேல்லை. நான் அழிக்கமாட்டன் எண்டிட்டன்."

சாக்குப் போட்ட தலை ஒன்று கோயில் வீதி வெயிலில் ஆடுவது பத்மாவதியின் கண்ணுக்குத் தெரிந்தது.

"இஞ்ச வந்தாப்பிறகும் காண்கிற சனமெல்லாம் கேட்டுது. இருக்கிறாரோ இல்லையோ, பொட்டு ஏன், தாலி ஏன் எண்டு. கனடா எண்டு ஒருக்கால் சொன்னன். பிறகு ஒருத்தரும் கேக்கேல்லை. அப்பிடியே கனடாவாப் போச்சு. ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் சம்பந்தம் செய்யக்கூடாது. வீட்டில சொல்லலாமெண்டால் ஆரோ ஒருத்தர் வந்துகொண்டே இருப்பினம். கோயிலில ஏலாது. ஒரு தமிழ் ஆள் இல்லாத இடம் ஒண்டு பார் எண்டு யசீயைக் கேட்டன். அவன் இதைக் காட்டினவன். காலமையிலயிருந்து சொல்லத்தான் திரும்பித் திரும்பிப் பாத்தன். நீங்கள் இடம் தரேல்லை."

"அப்ப... கஜந்தியின்ர கால்?"

"அதைப் பிள்ளை டெலிபோனில முதன்முதல் கதைச்ச அண்டைக்கே யசீக்குச் சொன்னதாம். அவன் எனக்குச் சொன்னவன். அதில கதைக்க என்ன இருக்கு?"

பத்மாவதிக்கு உடம்பு கூசியது. இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், இந்த மனுஷி தானாகவே மனம் திறந்து சொல்லியிருப்பாள். நான் வழிமறித்து, பஸ்ஸை நிறுத்தி விசாரிக்கிறவர்களைப் போலக் கேட்டு, பிடுங்கி எடுத்திருக்கிறேன். அவள் வாழ்நாளில் இப்படி வெட்கப்பட்டதில்லை.

"ஒண்டே ஒண்டுதான் கேக்கிறன்" என்றாள் புஷ்பவதி. "கலியாணத்தில நான் பொட்டோட நிக்கலாமோ? உங்கட ஆக்களுக்கு அது சரியில்லையெண்டால் நான் மண்டபத்துக்கு வெளியில நிக்கிறன். பிள்ளையளின்ர காரியம் குழம்பக்கூடாது."

பதிலுக்குக் காத்திராமல் எழுந்து தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் குந்தினாள். அழுத முகத்தை மகன் காணக்கூடாது என்று இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கழுவினாள். பத்மாவதி பார்த்துக்கொண்டிருக்க, குங்குமம் மூக்கு வழியே சிவப்பாய் இறங்கித் தண்ணீரில் கரைந்து போனது. ஊரே சேர்ந்து நின்று ஏழு வருடமாய் அழிக்க முடியாத பொட்டு அது.

கீழே பேச்சுக்குரல் கேட்டது. பிள்ளைகள் படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள். புஷ்பவதியின் கை திடுக்கிட்டு நெற்றிக்குப் போனது.

"ஐயோ, சிமிழ் வானுக்குள்ள!"

பத்மாவதி பதைத்து எழுந்தாள். கைப்பையைக் கவிழ்த்தாள். அதில் ஸ்டிக்கர் பொட்டு மட்டை ஒன்று எப்போதும் கிடக்கும். இருந்ததில் பெரியதாய் ஒன்றை உரித்து எடுத்தாள். ஈர நெற்றியில் அது ஒட்டாது. பச்சைத் துவாயை எடுத்து, புஷ்பவதியின் முகத்தைப் பிடித்து, நெற்றியை அழுத்தித் துடைத்தாள். புருவங்களுக்கு நடுவே பொட்டை வைத்து, விழுந்துவிடுமோ என்ற பயத்தில் பெருவிரலால் நெடுநேரம் அமர்த்திப் பிடித்தாள். புஷ்பவதி சின்னப்பிள்ளை மாதிரி முகத்தைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. பத்மாவதி அதையும் துடைத்தாள்.

கஜந்தினி பாறையில் ஏறி நடுங்கிக்கொண்டு நின்றாள். காலிலிருந்து தண்ணீர் வடிந்தது. கெண்டைக்கால் வெள்ளை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. பின்னால் யசீகரனும் இரத்தினசிங்கமும் வந்தார்கள்.

"அம்மா, துவாயைத் தாங்கோ."

"இது சம்மந்தியம்மாவுக்கு" என்றாள் பத்மாவதி, திரும்பிப் பாராமலே. "நீ வெயிலில நில்லு பிள்ளை. கால் காயட்டும்."